துக்க வீட்டில் கேட்கக் கூடாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழுடன் வெள்ளிக்கிழமைதோறும் வரும் ஆன்மிக மலரில், நேர்ந்துகொண்ட கடனைச் செலுத்தாமல் பாக்கி வைத்த குடும்பங்களில்தான் தீராத நோயும் அகால மரணமும் நேர்கின்றன என்றும், ஐயமில்லாத நம்பிக்கையோடு வேண்டுகிறவர்களை எந்த நோயும் அண்டாது என்றும் எழுதப்பட்டிருந்த கட்டுரையைச் சென்ற வாரம் படித்தேன். நானாகத் தேடிப் படிக்கவில்லை. எங்கள் வீதியில் இருக்கும் ஓர் அம்மையார், அந்தப் பக்கத்தை மட்டும் நான்காக மடித்துக் கொண்டுவந்து, "நல்லா எழுதியிருக்குதுங்க டீச்சர், படிச்சுப் பாருங்க" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கணவர் இறந்து அன்றைக்குச் சரியாக ஏழு மாதம் முடிந்திருந்தது.

நான் திருச்செங்கோட்டுக்கு அருகில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவர் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் எங்கள் ஊரிலிருந்து வடநாடு வரை போகின்றன என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். அவரும் கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வண்டியோடு இருந்துவிட்டு, பொங்கலுக்கும் வைகாசித் தேருக்கும் வீட்டுக்கு வருவார். நான் சாமி கும்பிடுகிறவள். அவர் கும்பிடாதவர். அவருடைய அவநம்பிக்கை மேடைப் பேச்சிலோ புத்தகத்திலோ பிறந்ததன்று. பாறைத் தூளில் பிறந்தது. தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி இடம் பார்த்து, எலுமிச்சை வைத்து, கற்பூரம் கொளுத்தி, குடும்பமே கைகூப்பி நிற்க 800 அடி, 1000 அடி இறக்கிய பிறகும் வெறும் புகை மட்டுமே கிளம்பிய எத்தனையோ இடங்களில், கடன் வாங்கிப் போர் போட்ட விவசாயியின் முகத்தை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். "அவுங்க கும்புட்டதுல என்னம்மணி குறை? பாறைல தண்ணி இல்ல, அவ்வளவுதான்" என்பார். நான் பதில் சொல்லாமல் விளக்கேற்றப் போய்விடுவேன். 34 ஆண்டுகள் இதில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. தைப்பூசத்துக்கு நான் பழனிக்கு நடக்கும்போதெல்லாம், ஊரில் இருந்தால், தாராபுரம் வரைக்கும் மொபெட்டில் பின்னாலேயே வந்து என் பையைச் சுமந்தவர் அவர்.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டதற்கான காரணத்தை மருத்துவர் எங்களுக்கு ஒளிக்காமல் சொன்னார். ராடு தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டதால், வண்டியிலிருந்த ஆட்கள் எல்லாரையும் போல அவரும் மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரையை ஆண்டுக்கணக்காக விழுங்கியிருக்கிறார். ரத்தக் கொதிப்பு எப்போது வந்தது என்பதே தெரியவில்லை, ஏனென்றால் யாரும் பார்த்ததில்லை. கால் வீங்கி, கிரியேட்டினின் பரிசோதனை செய்த அன்றே இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு மூன்று ஆண்டுகளும் இரண்டு மாதங்களும், திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு நாளைக்குக் குடிக்கக் கூடிய நீர், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அளவு வைத்தார்கள். எத்தனையோ ஊர்களுக்குப் பூமியின் அடியிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனிதருக்கு நான் கோடு போட்ட டம்ளரில் தண்ணீர் அளந்து கொடுத்தேன். அதை அவர் ஒருநாளும் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைத்தது.

இப்போது நேர்த்திக்கடனுக்கு வருகிறேன். ஆசிரியையாக இருந்தவள் என்பதால் எதையும் நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். அந்த மூன்று ஆண்டுகளில் நான் வேண்டிக்கொண்டவை அனைத்தும், செலுத்திய தேதியோடு, என் நோட்டில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் முழங்கால் வலியோடு திருச்செங்கோட்டு மலையைப் படி வழியாக ஏறினேன். சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் போனேன். பழனியில் முடி கொடுத்தேன். பண்ணாரி அம்மனுக்குக் குண்டத்தன்று உப்பும் மிளகும் போட்டேன். கொங்கு நாட்டுக் குளிர்சுரத்தால் அடியார்கள் வாடியபோது திருஞானசம்பந்தர் எங்கள் ஊரில் பாடியதாகச் சொல்லப்படும் திருநீலகண்டப் பதிகத்தை, அவர் கட்டிலின் அருகில் உட்கார்ந்து, ஓர் இரவும் விடாமல் ஓதினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அர்த்தம் இருக்கட்டும், உன் குரல் நல்லா இருக்குது" என்று ஒருமுறை சொன்னார். ஆகவே, பாக்கி எதுவும் இல்லை. கட்டுரை எழுதியவர் விரும்பினால் அந்த நோட்டை நான் அனுப்பத் தயார்.

ஆனால் என் நம்பிக்கை ஆட்டம் கண்டது அவர் இறந்த நாளில் அல்ல. அதற்கு ஓர் ஆண்டு முன்னால், ஓர் இரவில்.

எனக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதால் என் சிறுநீரகத்தைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி வழங்கும் திட்டம் நம் மாநிலத்தில் 2008-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அந்த வரிசையில் அவர் பெயரையும் பதிந்து வைத்திருந்தோம். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் கோவையிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு சிறுநீரகம் கிடைக்கக்கூடும், பொருத்தம் பார்க்க இன்னும் சிலரையும் அழைத்திருக்கிறோம், எதுவும் சாப்பிடாமல் உடனே வாருங்கள் என்றார்கள். வாடகைக் காரில் போகும் வழியெல்லாம் நான் பதிகம் சொல்லிக்கொண்டே போனேன். அவிநாசியைக் கடக்கும்போது, இருட்டில் கோபுரம் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டுத் தந்த ஊர் அது. "முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே" என்று அவர் இறைவனையே ஏவிய அந்த அடியை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதையே வேண்டுதலாகச் சொன்னேன்.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், பரிசோதனை முடிவுக்காக நாங்கள் காத்திருந்த பெஞ்சுக்கு எதிர்ப் பெஞ்சில், ஒரு தாயை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகன் பைக்கில் போய் லாரியில் மோதியிருக்கிறான் என்பதும், அவனுடைய உறுப்புகளைக் கொடுக்க அந்தக் குடும்பம் சம்மதித்திருக்கிறது என்பதும் யாரும் சொல்லாமலே அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவிநாசிக் கதையில், சுந்தரர் நடந்து வரும் வீதியில் ஒரு வீட்டில் மங்கல ஓசையும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்கின்றன. ஒன்றாகக் குளிக்கப் போன இரண்டு பிள்ளைகளில், பிழைத்தவனுக்கு ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம். முதலைக்குப் போனவனின் பெற்றோர் எதிர்வீட்டில். இத்தனை ஆண்டுகள் அந்தக் கதையைப் பாடமாக நடத்திய எனக்கு, அந்த வீதியே அன்று என் கண் முன்னால் இரண்டு பெஞ்சுகளாகக் கிடந்தது. வழி நெடுக நான் கேட்டுக்கொண்டு வந்தது என்ன? ஒரு சிறுநீரகம் வேண்டும் என்று கேட்டேன். அது எங்கிருந்து வரும் என்று நான் நினைத்தேன்? என் வேண்டுதல் பலித்தால் என் வீட்டில் மங்கல ஓசை. பலிப்பதற்கு அந்தத் தாயின் வீட்டில் அழுகை. அந்தப் பையனுக்காக அவளும் அதே இரவில், ஒருவேளை அதே சாமியிடம், என்னைவிடக் கதறி வேண்டியிருப்பாள். அவளுக்கு எந்த நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது?

விடியற்காலையில் பொருத்தம் வேறொருவருக்குச் சரியாக இருக்கிறது என்று சொல்லி எங்களை அனுப்பினார்கள். திரும்பும்போது அவர் காரில் தூங்கிவிட்டார். நான் அவிநாசியில் கும்பிடவில்லை. அதன்பிறகு, அவர் பிழைக்க வேண்டும் என்று என்னால் முன்போல வாய்விட்டு வேண்டவே முடியவில்லை. பதிகத்தை மட்டும் நிறுத்தாமல் ஓதினேன், அவர் கேட்டதால். நான் உண்மையாகவே மலைத்துப்போவது அந்த எதிர்ப் பெஞ்சுக் குடும்பத்தை நினைத்துத்தான். தங்கள் வீட்டு அழுகையின் நடுவில் கையெழுத்துப் போட்டு, முகம் தெரியாத எதிர்வீட்டுக்கு மங்கலத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் பக்தர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இரண்டு நாள் இடைவெளி விழும் வார இறுதிதான் ஆபத்தானது. அவரும் ஒரு திங்கட்கிழமை விடியும் முன்னால், மருத்துவமனைக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கையில், மூச்சு வாங்குகிறது என்று எழுந்து உட்கார்ந்தவர், என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவரவர் அறிந்த ஆறுதலைச் சொன்னார்கள். "எல்லாம் எழுதி வெச்சபடிதாங்க நடக்கும்" என்றார்கள். "சாமிக்கு நல்லவங்களைத்தான் பிடிக்கும்" என்றார்கள். நெருங்கிய உறவினர் ஒருவர், பந்தலில் என் காதில் விழும்படியே, "மனுசன் ஒருநாளாவது கோயிலுக்குள்ள கால் வெச்சிருப்பாரா? அதான் டீச்சர் கும்புட்டதும் எடுபடலே" என்றார். இறந்தவரின் அவநம்பிக்கை ஒரு பக்கம், உயிரோடிருப்பவளின் பக்திக் குறைவு மறுபக்கம் என்று இரண்டு பேர் மீதும் பழியை நிரவிவிட்டு அவர் சாப்பிடப் போனார். தங்கள் கட்டுரை சொல்வதும் இதையேதான். அச்சில் வந்ததால் அதற்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

கருமாதிச் சடங்குகளை மகனுக்காகச் செய்தேன். எனக்குச் செய்ய வந்ததில் சிலவற்றை மறுத்தேன். அதை இங்கே விரிக்க விருப்பமில்லை. பவானி கூடுதுறையில் அஸ்தியைக் கரைத்தபோது, காவிரியும் பவானியும் கலக்குமிடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அமுத நதியும் வந்து கலக்கிறது என்று சடங்கு செய்தவர் சொன்னார். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போகும்போதெல்லாம் அதே இடத்தில் நின்று அதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்தவை இரண்டு ஆறுகள் மட்டுமே. மூன்றாவதை நான் வெகுநேரம் தேடினேன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வெறுப்போடு தேடவில்லை.

இப்படி எழுதுவதால் நான் நாத்திகி ஆகிவிட்டேன் என்று சிலர் முடிவு கட்டலாம். நம்பாதவருக்குத் துக்கம் எளிது என்று நினைப்பவர்கள், ஈரோட்டில் 1933 மே 11 அன்று நாகம்மையார் மறைந்தபோது பெரியார் 'குடிஅரசு' இதழில் எழுதியதைப் படித்துப் பார்க்கலாம். துக்கப்படுவதா, மகிழ்வதா, இது லாபமா, நட்டமா என்று முடிவு கட்ட முடியவில்லை என்று, தம் மனைவியை இழந்த மூன்று நாளுக்குள், தம்மையே கேட்டுக்கொள்கிறார். கேள்வி கேட்க அவருக்கு மேலே ஒருவரும் இல்லை; அதனால் தம்மிடமே கேட்டார். எனக்கு மேலே ஒருவர் இருப்பதாக 60 ஆண்டுகள் நினைத்தவள் நான். அவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

கேட்பது குற்றம் என்று எந்தப் பெரியவர் சொன்னார் என்பதே எனக்குப் புரியவில்லை. கண்பார்வை போன சுந்தரர், திருவாரூரில் போய் நின்று, இப்படி எங்களை அல்லற்பட விட்டுவிட்டு நீர் மட்டும் வாழ்ந்து போம் என்று இறைவனைப் பார்த்தே சொன்னார். அதைத் திருமுறையில் சேர்த்து, ஓதுவார்கள் சன்னதியில் பாடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மிச்சி, தாத்தா இறந்த அன்று, மாரியம்மன் கோயில் இருக்கும் திசையில் மண்ணை வாரி வீசி, "உன்ற கண்ணு அவிஞ்சா போச்சு" என்று கேட்டதை எட்டு வயதில் நான் பார்த்தேன். ஒருவரும் அவளை நம்பிக்கை கெட்டவள் என்று சொல்லவில்லை. மாதங்கள் கழிந்து, அம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்டபோது, அவளாகவே ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தாள். ஒப்பாரி வைத்த பெண்களுக்கு இருந்த அந்த இடம், படித்துவிட்டு அழுகையை அடக்கக் கற்றுக்கொண்ட எங்களைப் போன்றவர்களுக்கு இல்லாமல் போயிற்று. வெள்ளிக்கிழமை மலரிலும் அந்த இடம் இல்லை.

ஈரோடு மாவட்டம் நம்பியூர் வட்டத்தில், பூசாரியாக இருந்த கணவரை இழந்த ஒரு பெண், கோயில் திருவிழாவில் கலந்துகொள்ளத் தடுக்கப்பட்டபோது நீதிமன்றம் போனார். 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், கைம்பெண் என்பதற்காக ஒருவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுக்க முடியாது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பை அன்று நானும் என் கணவரும் சேர்ந்துதான் படித்தோம். அந்தப் பெண்மணியை நான் மிகவும் மதிக்கிறேன். அவர் உள்ளே போகத் துடித்தார், ஊர் தடுத்தது. என்னை யாரும் தடுக்கவில்லை. நானாகத்தான் படியேறாமல் நிற்கிறேன். எங்கள் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில், இறைவன் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கும் சன்னதிக்குள், பாதி போன பிறகு எப்படிப் போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. மலைப்பாதையில் அறுபதாம்படி என்று ஓரிடம் உண்டு. அந்தக் காலத்தில் வழக்குள்ளவர்கள் அந்தப் படிகளில் நின்று சத்தியம் செய்தால் ஊர் அதை ஏற்றுக்கொள்ளும் என்பார்கள். என்றைக்காவது ஏறினால், நான் முதலில் அங்கே நின்று, எனக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை என்ற உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஆன்மிக மலரை நிறுத்தச் சொல்லவில்லை. தலபுராணங்களை நானும் விரும்பிப் படிக்கிறவள். நோய்க்கும் சாவுக்கும், வேண்டுதல் பாக்கி என்றும் நம்பிக்கைக் குறைவு என்றும் காரணம் கற்பிக்கும் எழுத்தை மட்டும் வெளியிட வேண்டாம். அந்தப் பக்கம் துக்க வீட்டுக்குள் மடித்து எடுத்து வரப்படுகிறது. அதே இடத்தில், மருந்துச் சீட்டில்லாமல் வாங்கித் தின்னும் வலி மாத்திரை சிறுநீரகத்தை என்ன செய்யும் என்றும், ரிக் வண்டியிலும் தறிக்குடோனிலும் உடம்பு நோக வேலை செய்கிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தக் கொதிப்பும் கிரியேட்டினினும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் பத்து வரி போட்டிருந்தால், பத்து ஆண்டுகளுக்கு முன்னால் நான் அதைக் கத்தரித்து அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பியிருப்பேன்.

துக்கம் கேட்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அவரோடு 15 ஆண்டுகள் ஒரே வண்டியில் இருந்த கம்ப்ரசர்காரர் ஒருவர், சாவுக்கு வர முடியாமல், இருபது நாள் கழித்து வடநாட்டிலிருந்து வந்தார். விதியைப் பற்றியோ சாமியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, வறண்ட கிணற்றுக்காரரிடம் கூலியில் பாதியை என் கணவர் திருப்பிக் கொடுத்த ஒரு நாளைப் பற்றிச் சொன்னார். எனக்குத் தெரியாத செய்தி அது. பிறகு, ஓடாமல் கிடந்த எங்கள் வீட்டு மோட்டாரைக் கழற்றிச் சரிசெய்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு, சாப்பிட்டுப் போனார். அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

கோயிலுக்குப் போகாத நான், வீட்டில் மட்டும் தினமும் மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றுகிறேன். அதைப் பார்த்து, பக்தி திரும்பிவிட்டது என்று சிலர் மகிழ்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாத காரணம் ஒன்று உண்டு. விளக்கு வைத்த பிறகுதான் அவருக்கு அன்றைய கணக்கில் மிச்சமுள்ள அரை டம்ளர் டீ கொடுப்பேன். அதனால் ஐந்தரை மணியிலிருந்தே, சாமி கும்பிடாத அந்த மனிதர், "விளக்கு வெச்சாச்சா அம்மணி" என்று கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்,
திருச்செங்கோடு வட்டம், நாமக்கல் மாவட்டம்.

(வெளியிடுவதானால் என் பெயரைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.)